மூன்றடி ஓரங்குல வெள்ளம்

மட்டக்களப்பு வாவியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பதற்காக எங்களுக்கு ஒரு பணியகம் தந்திருக்கிறார்கள். வாவி நீர்மட்டக் கண்காணிப்புப் பணியகம் என்று பெயர். புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம். இருபத்துமூன்று பேர் வேலை செய்கிறோம். விறாந்தையில் நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்ப்பது அளவீடு ஆகாது என்று ஒரு சுற்றுநிருபம் இருக்கிறது. ஆகவே நாங்கள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அளப்பது கம்பியூட்டர். அது ஏழாம் அறையில் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே தண்ணீருக்குள் இறக்கிய ஒரு மானியிலிருந்து அதற்கு வயர் வருகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திகதி, நேரம், அடி, அங்குலம் என்று திரையில் ஒரு வரி எழுதும். ஐந்து வருடத்துக்கு முன் ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் வந்த தினேஸ் என்பவர் அதன் முன்னால் இருந்து, வாவியின் பூச்சிய மட்டத்தைத் தன் கையால் அடித்துக் கொடுத்து, புரோகிராமை ஓட விட்டார். திட்டம் முடிந்தது. தினேஸ் கனடாவுக்குப் போய்விட்டார். புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பொங்கலுக்கும் ஓடும், வெசாக்குக்கும் ஓடும், ஹர்த்தாலுக்கும் ஓடும். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் பணியகத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் அதுதான்.

அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மாரி மழை கொட்டும்போது வாவியின் வாயை மணல் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத்தான் ஆற்றுவாய் என்கிறோம். வயல்காரர் வந்து, ஆற்றுவாயை வெட்டுங்கள், தண்ணீர் கடலுக்குப் போகட்டும், நெல் மூழ்குது என்பார்கள். மீன்காரர் வந்து, வெட்டாதீர்கள், இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நியாயம் இரண்டாக இருக்கிற இடத்தில் எண் ஒன்று வேண்டும். நாலடி என்று ஒரு காலத்தில் யாரோ புண்ணியவான் எழுதி வைத்தார். நாலடியைத் தாண்டிய அளவீடு பணிப்பாளரின் மேசைக்கு வந்தால் அவர் கையெழுத்து வைப்பார், பெக்கோ இயந்திரம் போய் மணலை வெட்டும். வராவிட்டால் வெட்டாது.

அந்த எண்ணை மேசைக்குக் கொண்டுபோகிற ஆள் நான். பெயர் வினாயகமூர்த்தி, விடயப் பொறுப்பு எழுதுவினைஞர். என் கடமைப் பட்டியலின் நாலாம் பந்தி இப்படிச் சொல்கிறது: “தினமும் மு.ப. 9.00 மணிக்கு ஏழாம் அறையின் திரையிலுள்ள அளவீட்டை யன்னலூடாக வாசித்துப் பதிதல்.” ஏன் யன்னலூடாக என்றால், கதவுக்கு சீல் வைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த பொருட்கணிப்பில் அந்த அறையில் ஒரு கதிரை குறைந்தது. கதிரை கிடைக்கும்வரை அறையைத் திறக்கக்கூடாது என்று பொருட்கணிப்புச் சபை தீர்மானித்தது. அந்தக் கதிரையில்தான் நான் இருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல கதிரை.

யன்னல் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு வாசித்த காலம் ஒழுங்காகத்தான் போனது. கெடுத்தது உற்பத்தித்திறன் போட்டி.

இந்தப் போட்டி இப்போது எல்லாக் கந்தோரையும் பிடித்து ஆட்டுகிறது. சாமான்களை ஒழுங்காக வைக்க வேண்டும், எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். மேசையில் ‘மேசை’ என்று ஒட்டினோம். கூட்டுகிற தும்புத்தடியில் ‘தும்புத்தடி’ என்று ஒட்டி, அது நிற்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு கீறினோம். பணிப்பாளர் உதயரூபன் சேர் பக்கத்துப் பணியகத்துக்குப் போய் வந்தவர், அங்கே கண்ணாடிகளில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைக் கண்டு வந்து நித்திரை கொள்ளவில்லை. அடுத்த கிழமையே எங்கள் யன்னல்களுக்கும் வெள்ளை ஸ்டிக்கர் வந்தது. அதன்மேல் பெரிய எழுத்தில் எங்கள் தூரநோக்கு வாசகத்தை அச்சடித்திருந்தார்கள். ஏழாம் அறை யன்னலிலும் ஒட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியால் ஒன்றும் தெரியாது.

அன்று காலை நான் கடைசியாக வாசித்த எண் மூன்றடி ஓரங்குலம். புதிய அளவீடு கிடைக்காதபோது கடைசி அளவீடே தொடர்வதாகக் கருதப்படும் என்று வேறு ஒரு சுற்றுநிருபம் உண்டு. ஆகவே ஆறு கிழமையாக நான் ஒவ்வொரு நாளும் மூன்றடி ஓரங்குலம் என்று பதிந்து வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாவியும் கேட்கவில்லை.

பிறகு மழை தொடங்கியது. நாலு நாள் விடாமல் பெய்தது.

திங்கட்கிழமை காலையில் சீனித்தம்பியண்ணன் வந்தார். கொக்குமுனை வயல்வட்டையில் வாவிக்கரையோடு ஐந்து ஏக்கர் செய்கிற மனிசன். முழங்கால் வரைக்கும் சேறு. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, வரம்புக்கு மேலால தண்ணி ஏறிட்டு. கதிர் வெளிய வாற நேரம். இண்டைக்கு, நாளைக்கு ஆற்றுவாயை வெட்டினா தப்பும். அதுக்குப் பிறகு வெட்டி என்ன, வெட்டாட்டி என்ன.”

“பதிவில மூண்டடி ஓரங்குலம்தானே அண்ணன் கிடக்கு.”

“பதிவில கிடக்கிறது எனக்குத் தெரியா. என்ட வயலுக்க இடுப்பளவு கிடக்கு.”

“இடுப்பு அளவீடு இல்லையே.”

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வேறு பக்கம் திரும்பிக் கோவையொன்றைப் புரட்டினேன். வெற்றுக் கோவைதான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டவன் நான். ஆகவே பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே கூட்டம் வைத்தார். உடனே கூட்டம் வைப்பதில் எங்கள் பணிப்பாளரை யாரும் மிஞ்ச ஏலாது.

கூட்டத்தில் நாலு பேர். பணிப்பாளர், நிருவாக உத்தியோகத்தர் வசந்தாதேவி மிஸ், ஒப்பந்தத்தில் வேலை செய்கிற கம்பியூட்டர் பிள்ளை கிருஷாந்தினி, நான்.

“சீலை உடைச்சா என்ன?” என்று பணிப்பாளர் கேட்டார்.

“சபை கூடணும் சேர்,” என்றார் வசந்தாதேவி மிஸ். “சபைத் தலைவர் பென்சன்ல போயிட்டார். புதுத் தலைவரைப் போடுறதெண்டா, கதிரை கிடைச்சதா இல்லையா எண்டு முதல்ல ஒரு அறிக்கை வேணும்.”

நான் கதிரையில் கொஞ்சம் அசைந்து இருந்துகொண்டேன்.

“ஸ்டிக்கரை உரிச்சா?”

“புதன்கிழமை போட்டி நடுவர்மார் வாறாங்க. தூரநோக்கைக் காணல்ல எண்டா பத்துப் புள்ளி போயிடும்.”

“அப்ப அந்தப் புரோகிராமை நிப்பாட்டிப்போட்டு வேற கம்பியூட்டர்ல ஓட விடுவம்.”

கிருஷாந்தினி தலையை ஆட்டினாள். “ஏலா சேர். பூச்சிய மட்டத்தை தினேஸ் கையால அடிச்சுக் குடுத்தவர். எங்கயும் எழுதி வைக்கல்ல. நிப்பாட்டினா அது மறந்திடும். திரும்ப எடுக்கிறதெண்டா ஆடி மாசம் வாவி வத்தணும்.”

“அப்ப ஒண்டும் செய்ய ஏலாது,” என்றார் பணிப்பாளர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்தான் நின்றது.

“நிப்பாட்டத் தேவல்ல சேர்,” என்றாள் கிருஷாந்தினி. “ஓட ஓடவே அது எழுதுற இடத்தை மாத்தலாம். வட்டையில வோட்டர் பம்ப் ஓடுது எண்டு வைங்க. ஒரு வயல் நிறைஞ்சிட்டு. பம்பை நிப்பாட்டிட்டா குழாயை மாத்துறாங்க? ஓடக்குள்ளயே குழாய் நுனியைத் தூக்கி அடுத்த வயலுக்க போடுவாங்க. பம்புக்கு ஒண்டும் தெரியா. அதே மாதிரித்தான். என்ட மேசையில இருந்தே அந்த மெசினுக்க போகலாம். அந்தப் புரோகிராமைப் பிடிச்சு, திரைக்குப் போற வாசலை மூடி, வேற இடத்துக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டா, அது தன்ட பாட்டில அங்க எழுதும்.”

“எவ்வளவு காலம் எடுக்கும்?”

“ரெண்டு நிமிசம்.”

இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை என்றால் எங்கள் பணியகத்தில் அதன்மேல் ஒரு சந்தேகம் விழும். வசந்தாதேவி மிஸ் பேனையைக் கீழே வைத்தார்.

“அதுக்கு எத்தனை வாசல் இருக்கு, பிள்ள?” என்று பணிப்பாளர் கேட்டார்.

“மூண்டு சேர். இலக்கம் பூச்சியம், உள்ள எடுக்கிற வாசல். ஒண்டு, வெளிய விடுற வாசல். ரெண்டு, பிழை ஏதும் நடந்தா சொல்லுற வாசல்.”

“பிழை சொல்லுறதுக்குத் தனி வாசலா?” பணிப்பாளருக்கு அதிர்ச்சி. “இவ்வளவு காலமும் எங்கட பணியகத்துக்குள்ள அப்படி ஒண்டு திறந்து கிடந்ததா? ஆர் அனுமதி குடுத்த?”

“எல்லாப் புரோகிராமுக்கும் அப்படித்தான் சேர்.”

“அதைப் பிறகு பார்ப்பம். இப்ப ஒண்டாம் இலக்கத்தை மாத்துவம். கொள்கையளவில எனக்குச் சம்மதம். எங்க மாத்துற?”

“உங்கட மேசைக்கு சேர். உங்கட கம்பியூட்டர்லயே ஒரு பைல்ல பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விழும்.”

பணிப்பாளர் கதிரையில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார்.

“என்ட மேசைக்கு நேர வந்தா எனக்குத் தெரிஞ்சிடும், பிள்ள. நடுராத்திரி நாலடி தாண்டினா, நான் அந்த நேரம் அறிஞ்சவன் ஆகிடுவன். அறிஞ்சவன் ஏன் வெட்டல்ல எண்டு கேட்பாங்க. அறியாம இருக்கும் வரைக்கும்தான் நான் பணிப்பாளர். வசந்தாதேவி மிஸ்ஸுக்கு அனுப்புங்க.”

“என்ட கடமை நிருவாகம் சேர். தண்ணி இல்ல,” என்றார் மிஸ்.

“அப்ப மூர்த்திக்கு அனுப்புங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மேசையிலும் ஒரு கம்பியூட்டர் இருக்கிறது. அதில் ‘கம்பியூட்டர்’ என்று ஒட்டியும் இருக்கிறது. நான் என் கடமைப் பட்டியலை எடுத்து நாலாம் பந்தியைக் காட்டினேன். யன்னலூடாக வாசித்தல் என்றுதான் இருக்கிறது, கம்பியூட்டரூடாக என்று இல்லை. அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது என்று இங்கே எழுதினால் நல்லாய் இருக்கும். இருக்கவில்லை. நாலேகாலுக்கு எனக்கு நாவற்குடா பஸ்.

“அப்ப வயல்காரருக்கே அனுப்புவமா?” கிருஷாந்தினியின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. “அந்தச் சீனித்தம்பி ஐயாட போனுக்கு அனுப்பலாம். மீன்பிடிச் சங்கத்துக்கும் அனுப்பலாம். ரெண்டு பகுதியும் ஒரே எண்ணைப் பார்ப்பாங்க.”

“பொதுமக்களுக்கு உண்மையை நேரடியாகக் குடுக்கிறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல, பிள்ள,” என்றார் பணிப்பாளர். “அது உரிய வழியில போகணும்.”

கூட்டம் செவ்வாய்க்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமையும் மழை. அளவீட்டை யாருக்கு அனுப்புவது என்று, வாகனச் சாரதி, கன்ரீன், கீழ்மாடிக் காவலாளி என ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். காவலாளிக்கு அனுப்பலாம் என்று கிட்டத்தட்ட முடிவாகி, அவர் வேறு கம்பனியின் ஆள் என்பதால் கைவிடப்பட்டது. அச்சடித்துத் தபால் பதிவேட்டில் ஏற்றலாமா என்றும் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு நூற்று நாற்பத்துநாலு அளவீடு. நூற்று நாற்பத்துநாலு திகதி முத்திரை. புதன்கிழமை நடுவர் வரும்போது ‘நிலுவை’ என்ற தட்டில் இவ்வளவும் கிடந்தால் போட்டி போச்சு.

“எனக்கு ஒரு இடம் வேணும்,” என்றார் பணிப்பாளர். “பதிவு இல்லாம, முத்திரை இல்லாம, ஆரும் பொறுப்பு எடுக்காம, நிலுவையும் சேராம ஒரு இடம்.”

கிருஷாந்தினிக்குப் பொறுமை போய்விட்டது. “அப்படி ஒரு இடம் இருக்கு சேர்,” என்றாள். “எல்லா மெசினிலயும் இருக்கு. டெவ் நல் எண்டு சொல்லுவம். அடியில்லாத குழி. எவ்வளவு கொட்டினாலும் நிறையாது. கொட்டின ஒண்டையும் ஆராலயும் திரும்ப எடுக்க ஏலாது. ஒரு சத்தமும் வராது.”

அவள் கோபத்தில் சொன்னாள் என்பது எனக்கு விளங்கியது. வசந்தாதேவி மிஸ்ஸுக்கும் விளங்கியது. பணிப்பாளர் மட்டும் எழுந்து நின்றார்.

“இவ்வளவு நாளும் ஏன் பிள்ள இதைச் சொல்லல்ல?”

“சேர், நான் பகிடிக்கு…”

“இதுக்கு அரசாங்கம் ஏதும் செலவழிக்கணுமா?”

“இல்ல சேர். ஆனா அதுக்க போட்டா அளவீடு…”

“அளவீடு எடுக்கப்படுதா?”

“எடுக்கப்படும்.”

“வெளியிடப்படுதா?”

“வெளியிடப்படும். ஆனா…”

“அப்ப எங்கட கடமை முடிஞ்சிது. அந்தப் பிழை சொல்லுற வாசலையும் அதுக்குள்ளயே விடுங்க.”

கட்டளையை நான்தான் தட்டச்சு செய்தேன். “ஏழாம் அறையில் இயங்கிவரும் மேற்படி புரோகிராமின் ஒன்றாம், இரண்டாம் இலக்க வாசல்கள், அதன் இயக்கத்துக்கு எவ்வித பங்கமும் ஏற்படாவண்ணம், மேற்குறித்த குழிக்கு இத்தால் திசைதிருப்பப்படுகின்றன.” ஐந்து பிரதி எடுத்தோம்.

கிருஷாந்தினி என் மேசைக்கு வந்து கட்டளையை இரண்டு தரம் வாசித்தாள்.

“அண்ணன், இது பைத்தியக்காரத்தனம்.”

“ஓம் தங்கச்சி.”

“அந்த மனிசன்ட வயல் போயிடும்.”

“ஓம்.”

“நீங்க ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“நீ சொல்லன்.”

அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீடிக்கும் கடிதம் பணிப்பாளரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. வீட்டில் அவள் உழைப்பு ஒன்றுதான். கட்டளையை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். நாலைந்து வரி அடித்தாள். ஐந்து வருடம் ஓடிய புரோகிராம் ஒரு கண் சிமிட்டும் நேரம் நின்றது. பழைய வாசல்களை மூடினாள், குழியைத் திறந்தாள், விட்டாள். அது மறுபடியும் ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிடம் என்று சொன்னாள், ஒன்றரை நிமிடம்தான் எடுத்தது.

புதன்கிழமை நடுவர்மார் வந்தார்கள். அவர்கள் மேல்மாடியில் தும்புத்தடியின் மஞ்சள் கோட்டைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும்போது சீனித்தம்பியண்ணன் படியேறி வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய நெற்பயிர் ஒரு பிடி. நுனி வரைக்கும் சேறு. கதிர் பாதி வெளியே வந்து, பழுப்பு நிறமாகி, வழுவழுத்துப்போய் இருந்தது.

“ஐயா, இதைப் பாருங்க,” என்று பணிப்பாளரின் முன்னால் நீட்டினார். “இன்னும் மேட்டுப்பக்கம் ஒண்டரை ஏக்கர் மிச்சம் இருக்கு. அதையாவது காப்பாத்தித் தாங்க.”

பணிப்பாளர் நிலத்தைப் பார்த்தார். புதிதாக ஓடு பதித்த தரை. அதில் சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவர் ஒருவர் குனிந்து பார்த்துத் தாளில் ஏதோ எழுதினார்.

“ஐயா, உங்கட பிரச்சினையை நாங்க முன்னுரிமை குடுத்து முடிச்சிட்டம்,” என்றார் பணிப்பாளர். “அளவீடு நேற்றிலிருந்து தடையில்லாமப் போய்க்கொண்டிருக்கு.”

“எங்க போகுது?”

“உரிய இடத்துக்கு.”

பயிரோடு அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போகும் வேலை எனக்கு வந்தது. வாசலில் அவர், “உரிய இடம் எண்டா எந்த இடம் தம்பி?” என்று கேட்டார். மேலே கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன். மேலே, நிலுவைக் கோவைகள் எத்தனை என்று நடுவர் கேட்டதற்குப் பணிப்பாளர் பூச்சியம் என்று பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்கு எனக்குப் போன் வந்தது. நான் அப்போது நாவற்குடாவில் என் வீட்டுக் கட்டிலில் ஏறி நின்றுகொண்டிருந்தேன். கீழே தண்ணீர். என் மனைவி புஸ்பம் அரிசிப் பானையை அலுமாரிக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“மூர்த்தி, என்ட வீட்டுக்க தண்ணி வந்திட்டு,” என்றார் பணிப்பாளர். அவர் எங்களுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி.

“எத்தனை அடி சேர்?”

“முழங்காலுக்கு மேல.”

“முழங்கால் அளவீடு இல்லையே சேர்.”

இதைச் சொன்னதில் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். இருபது வருட சேவையில் அப்படியொரு சந்தோசம் வந்ததில்லை. அது புஸ்பம் திரும்பி என்னைப் பார்க்கும் வரைக்கும் நின்றது.

“பகிடி விடாதீங்க மூர்த்தி. இப்பவே ஆற்றுவாயை வெட்டச் சொல்லணும். அந்தக் குழிக்க போனதை எடுக்க ஏலுமா எண்டு பிள்ளையிட்டக் கேளுங்க.”

கேட்டேன். போனது போனதுதான், ஆனால் இனி வருவதை இரண்டு நிமிடத்தில் சேரின் போனுக்கே திருப்பலாம், வாயால் ஒரு ஓம் சொன்னால் போதும் என்றாள் கிருஷாந்தினி. அவளுடைய வீட்டிலும் தண்ணீர். அதைப் பணிப்பாளரிடம் சொன்னேன். போனுக்குள்ளால் அவருடைய வீட்டுச் சாமான்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது.

“வேணாம்,” என்றார் கடைசியில். “இப்ப திருப்பினா அஞ்சு, ஆறு அடி எண்டு வரும். நேத்து வரைக்கும் மூண்டடி ஓரங்குலம். ஒரு ராத்திரிக்குள்ள எப்படி மூண்டடி ஏறின எண்டு கணக்காய்வு கேட்கும். இவ்வளவு நாளும் என்ன செய்தீங்க எண்டு கேட்கும். மூண்டடி ஓரங்குலமாகவே இருக்கட்டும்.”

அப்படியே இருந்தது. பணிப்பாளர் தன் வீட்டு மேல்மாடிக்கு ஏறினார். எனக்கு மேல்மாடி இல்லை, புஸ்பத்தோடு பள்ளிக்கூட முகாமுக்குப் போனேன். அங்கே வசந்தாதேவி மிஸ் ஏற்கனவே ஒரு மூலையில் பாய் விரித்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் சீனித்தம்பியண்ணனும் வட்டைக்காரர் நாற்பது பேரும் மண்வெட்டியோடு போய் ஆற்றுவாயைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். மீன்காரர் சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், அவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர்களுடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். மத்தியானம் வாவி கடலோடு சேர்ந்தது. பொழுதுபடும்போது நாவற்குடாவில் தரை தெரிந்தது. கொக்குமுனை வட்டையிலும் தெரிந்தது. ஐந்து ஏக்கரும் நாறிப்போய்ப் படுத்துக் கிடந்தது.

அடுத்த கிழமை எங்களுக்கு இரண்டு விசயங்கள் நடந்தன. உற்பத்தித்திறன் போட்டியில் முதலாம் இடம் கிடைத்தது. நிலுவை பூச்சியம் என்பதற்கு விசேட பாராட்டும் தந்தார்கள். இரண்டாவது, வெள்ள அத்தாட்சிக் கடிதம் கேட்டு சனம் வரத் தொடங்கியது. அந்தக் கடிதம் இருந்தால்தான் வயல்காரருக்கு அடுத்த போகத்துக்கு விதைநெல், வீடு மூழ்கினவர்களுக்கு நிவாரணம். கடிதம் தருவது எங்கள் பணியகம். எங்கள் பதிவேட்டில் மூன்றடி ஓரங்குலம். நாலடி தாண்டாமல் வெள்ளம் வராது. ஆகவே வெள்ளம் வரவில்லை.

கவுண்டரில் இருந்தது நான்தான். முதல் நாளே எழுபது விண்ணப்பத்துக்கு நிராகரிப்புக் கடிதம் கொடுத்தேன். நடுவில் பணிப்பாளரின் விண்ணப்பமும் வந்தது. அவருடைய மனைவி கரைச்சல் கொடுத்திருக்க வேண்டும். விண்ணப்பதாரரின் கையெழுத்து உதயரூபன். நிராகரிக்கும் அதிகாரியின் கையெழுத்தும் உதயரூபன். என்னுடையதையும் நானே பதிந்து, நானே முத்திரை குத்தி, எனக்கு நானே கொடுத்தேன். இடுப்பளவு சேற்றுக் கோடு என் வீட்டுச் சுவரில் இன்னும் ஈரமாக இருந்தது. ஏழாம் அறையில் புரோகிராம் அப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சரியான அளவைக் குழிக்குள் எழுதிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மூன்று மணிக்குச் சீனித்தம்பியண்ணன் வரிசையில் முன்னால் வந்தார். குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். கையில் இரண்டு கடிதம்.

“ரெண்டும் உங்கட ஒபீஸ்தானே தம்பி?”

“ஓம் அண்ணன்.”

“இதில வெள்ளம் வரல்ல, விதைநெல் இல்ல எண்டு கிடக்கு. மத்ததில, நீர்மட்டம் மூண்டடி ஓரங்குலமா இருக்கக்குள்ள ஏன் ஆற்றுவாயை வெட்டினீங்க, பதினாலு நாளைக்குள்ள விளக்கம் தாங்க எண்டு கிடக்கு.”

“ஓம்.”

இரண்டையும் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அப்ப என்ட அஞ்சேக்கரும் என்னத்தால செத்தது தம்பி?”

பதில் எனக்குத் தெரியும். அங்கே வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கண் கலங்கியது. மெய்யாகவே கலங்கியது. ஆனால் கை தன்பாட்டில் மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தது. வாயும் தன்பாட்டில் பேசியது.

“அதை ஒரு கடிதமா எழுதித் தாங்க அண்ணன். மேல அனுப்பிவிடுறம்.”

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்னிடமே பேனையை வாங்கி எழுதத் தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்களுக்கும் ஒவ்வொரு தாள் தரச் சொல்லிக் கையை நீட்டினார்கள்.